கட்டை சீவும் கருவியும் மண்ணின் பதமும்: மறுதாம்புக் கரும்பு வயல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்புலம்

விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றை ஒட்டிய ஒரு கிராமம். ஆழ்துளைக் கிணற்றுப் பாசனத்தில் 5 ஏக்கர் கரும்பு. விவசாயிக்கு வயது அறுபதை நெருங்குகிறது. மகன் வெளியூரில் வேலை பார்க்கிறார். நடவு, வெட்டு சமயங்களில் வந்து போவார். கரும்பு அந்தக் குடும்பத்துக்குப் பழகிய பயிர்தான் என்றாலும், கரும்பு வெட்டிய பின் நிற்கும் அடிக்கட்டையைச் சீவுவதற்கு இயந்திரத்தை அமர்த்தியது அதுவே முதல் தடவை. ஆலையின் கரும்புப் பிரிவில் களப்பணி செய்பவன் என்ற முறையில், அந்த வயலை நடவிலிருந்து மறுதாம்பு (வெட்டிய கரும்பின் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்க விடும் பயிர்) வெட்டு வரை பார்த்து வந்தேன்.

ரகம் கோ 86032. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கியது; தமிழ்நாட்டில் மிகப் பரவலாக நிற்பது; வெட்டிய பிறகு நன்றாகத் துளிர்க்கும் குணமுள்ளது. வயலில் மூன்றரை ஏக்கர், மகனின் வற்புறுத்தலால், பருச்சீவல் நாற்று (கரும்பின் பருவை மட்டும் சீவி எடுத்து வளர்த்த நாற்று) நட்டு, பார்களுக்கு, அதாவது வரிசை மேடுகளுக்கு, நாலரை அடி இடைவெளி விட்ட பகுதி. மீதி ஒன்றரை ஏக்கரில் தந்தை தமக்குப் பழகிய முறையிலேயே இருபருக் கரணை (இரண்டு பரு உள்ள கரும்புத் துண்டு) ஊன்றி மூன்றடிப் பார் விட்டிருந்தார். ஒரே குடும்பத்தின் ஒரே வயலில் இரண்டு தலைமுறைகளின் இடைவெளி அப்படியே மண்ணில் தெரிந்தது என்று சொல்லலாம். இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாயிற்று.

மண் இரண்டு விதம். கிணறு இருக்கும் மேல்புறம் மணல் கலந்த செம்மண். கீழ்க்கோடியில் ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான பரப்பு களிமண்; காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் காலை விடாது. கிணற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருவதும் அங்கேதான்.

முதல் பயிர் ஏக்கருக்குச் சுமார் 45 டன் கொடுத்தது. மறுதாம்பு விடுவது என்பது வெட்டுக்கு முன்பே குடும்பத்தில் பேசி முடித்த விஷயம். விதைக்கரும்பும் உழவும் நடவுக் கூலியும் மிச்சம். பயிர் ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாகவும் முதிரும். கணக்கில் இவை எல்லாம் இருந்தன. கட்டை சீவும் செலவு மட்டும் அந்தக் கணக்கில் தெளிவாக இல்லை.

வெட்டு முடிந்தபோது வயல் இருந்த நிலை

ஆலை தரும் வெட்டு உத்தரவு தாமதமாகி, மாசிக் கடைசியில்தான் ஆட்கள் இறங்கினார்கள். வெட்டுக்கூலி டன் கணக்கில். தரையை ஒட்டி வெட்டினால் எடை கூடும். ஆனால் முதுகு தாங்காது, அரிவாளும் மண்ணில் பட்டு மழுங்கும். கூடும் எடையைவிடக் குறையும் வேகம்தான் வெட்டு ஆளின் கண்ணுக்கு முதலில் தெரியும். அதனால் கட்டைகள் பெரும்பாலும் 4 முதல் 6 அங்குல உயரத்தில் நின்றன. வெயில் ஏறிய பிறகு வெட்டிய வரிசைகளில் இன்னும் உயரம். கரும்பில் சர்க்கரை அதிகம் தங்கும் பகுதி அடிக்கரும்பு. அதை வயலிலேயே விட்டுவிட்டு, பிறகு அதைச் சீவி எறிய இன்னொரு செலவு செய்கிறோம் என்பதை விவசாயிகளிடம் எத்தனை முறை சொன்னாலும், வெட்டு நடக்கும் நாளில் மேஸ்திரியிடம் அதைப் பேசுபவர்கள் குறைவு.

கட்டை உயரமாக நின்றால் என்ன கெடுதல்? தரைக்கு மேலே உள்ள கணுக்களின் பருக்கள் முதலில் துளிர்க்கும். அந்த முளைகளின் வேர் மண்ணைத் தொடாது. பழைய கட்டையின் வேரையே நம்பி நிற்கும். பழைய வேர் சில வாரங்களில் செயலிழக்கத் தொடங்கும்போது முளையும் வாடும். மண்ணுக்குள் இருக்கும் பருக்களோ, மேல்முளைகளின் ஆதிக்கத்தில் அடங்கிக் கிடக்கும். கட்டையைப் பார் மட்டத்துக்குக் கீழே 4 முதல் 6 செ.மீ. ஆழத்தில் சீவிவிட்டால் அடிப்பருக்கள் விழிக்கும், முளைகள் சொந்த வேர் விட்டுத் தனித்தனியாக நிற்கும். கட்டை சீவுதலின் முழு நோக்கமும் இதுதான். கூர்மையான மண்வெட்டியால் இதைச் செய்வது பழைய வழக்கம். ஆள் கிடைக்காத காலத்தில் பலர் அதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

இயந்திரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், இந்த வயல் மறுதாம்புக்குத் தகுதியானதா என்று பார்க்க வேண்டியிருந்தது. குறுக்கும் நெடுக்குமாக நடந்து, இடையிடையே தூர்களைத் தோண்டிப் பார்த்தோம். அடிப்பருக்கள் உயிரோடு இருந்தன. சில கட்டைகளை நெடுக்காகப் பிளந்ததில் செவ்வழுகல் என்ற பூஞ்சை நோய்க்குரிய சிவப்பும் அதன் குறுக்கே வெள்ளைப் பட்டையும் இல்லை, புளித்த சாராய வாடையும் இல்லை. புல்தண்டு நோயுள்ள தூர்கள், மெல்லிய வெளுத்த புல் போன்ற முளைகளோடு, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தன. அவற்றை வேரோடு அகற்றச் சொன்னேன். செவ்வழுகல் இருந்திருந்தால் கட்டையைத் தொடாமல் உழுதுவிடத்தான் சொல்லியிருப்பேன். அந்த வயலில் மறுதாம்பு விடுவது நோயை வளர்ப்பதாகும்.

பாடுவாசி, அதாவது வரிசையில் இரண்டடிக்கு மேல் தூர் இல்லாத வெற்றிடம், மேல்புறத்தில் சொற்பம். கீழ்க்கோடியில் கூடுதல். கரும்பு ஏற்ற வந்த டிராக்டர் அங்கே பார்களின் மேலேயே ஏறித் திரும்பியிருந்தது.

எடுத்த முடிவுகள்

முதல் விவாதம் தோகையைப் பற்றி. வயல் முழுக்க முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த தோகை. தீ வைத்துவிடலாம் என்றார் விவசாயி. ஊரில் வழக்கம் அதுதான், ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும். அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது: கட்டை சீவும் கருவி தோகைக்குள் ஓடாது, சுழலும் தட்டில் தோகை சுற்றிக்கொள்ளும். எரிக்காமல் இருக்க வேண்டுமானால் முதலில் தோகையைத் தூளாக்க வேண்டும். அதற்குத் தனி வாடகை.

தூளாக்குவது என்றே முடிவாயிற்று. மறுதாம்பு துளிர்க்கப்போவது பங்குனி, சித்திரை வெயிலில். தோகை மூடாக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும், களையை அடக்கும், அந்தப் பருவத்தில் தாக்கும் இளங்குருத்துப் புழுவையும் குறைக்கும். தீ வைத்தால் மேலாகக் கிடக்கும் பருக்கள் வெந்துபோகும் அபாயமும் உண்டு. மகன் தொலைபேசியில் தூளாக்குவதற்கே ஆதரவு தெரிவித்ததும், தந்தை அரைமனதோடு ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது முடிவு, இயந்திரத்தை எங்கே ஓட்டுவது என்பது. கிடைத்தது டிராக்டரின் பின்னால் மும்முனை இணைப்பில் பொருத்தும் சாதாரணக் கட்டை சீவும் கருவி. டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு (எஞ்சினின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் பின்தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்று சுழன்று, கியர் பெட்டி வழியாக ஒரு செங்குத்துத் தண்டைச் சுழற்றும். அதன் அடியில் கிடைமட்டமான தட்டு. தட்டின் விளிம்பில் கத்திகள். ஆழத்தைக் கட்டுப்படுத்த இரண்டு பக்கமும் சிறு சக்கரங்கள். லக்னோவில் உள்ள இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிறுவனம், கட்டை சீவுவது, பாரின் பக்கம் உடைப்பது, உரம் இடுவது எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கும் கருவியை உருவாக்கியிருக்கிறது. எங்கள் பகுதியில் வாடகைக்குக் கிடைப்பதோ கத்தியும் தட்டும் மட்டுமே.

டிராக்டரின் பின் சக்கரங்களுக்கு நடுவே ஏறத்தாழ நாலரை அடி. ஒரு பாரை நடுவில் விட்டு ஓட்டினால், நாலரை அடிப் பார் உள்ள பகுதியில் இரண்டு சக்கரங்களும் பார்களுக்கு இடையிலுள்ள சாலின் நடுவில் போகும். மூன்றடிப் பகுதியில் அதே சக்கரம் பக்கத்துப் பாரின் தோளில் ஏறி, சீவாத தூர்களை நசுக்கும். ஆகவே மூன்றரை ஏக்கருக்கு இயந்திரம், ஒன்றரை ஏக்கருக்கு மண்வெட்டி ஆட்கள் என்று பிரித்தோம். மினி டிராக்டரில் பொருத்தும் சிறிய கருவி ஒன்று பக்கத்து வட்டத்தில் இருந்தது. அதற்காகக் காத்திருந்தால் வெட்டு முடிந்து பதினைந்து நாளைத் தாண்டிவிடும். கட்டை சீவுதல், பக்கம் உடைத்தல் போன்ற ஆரம்ப வேலைகளை வெட்டிய 10 முதல் 15 நாட்களுக்குள் முடித்தால்தான் முளைப்பு ஒரே சீராக வரும். மேல்பருக்கள் நன்றாகத் துளிர்த்த பிறகு சீவினால், தூர் சேமித்து வைத்த உணவை வெட்டி எறிவதாகத்தான் முடியும்.

மூன்றாவதாக, சீவுவதற்கு முன் வயல் முழுவதற்கும் நன்றாகத் தண்ணீர் கட்டிவிட்டு, மண் பதத்துக்கு வந்ததும் இயந்திரத்தை இறக்குவது என்று பேசிக்கொண்டோம். பேசிக்கொண்டபடி நடக்காதது இந்த மூன்றாவது மட்டும்தான்.

முதல் ஓட்டமும் நிறுத்தமும்

மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரம் குறைவு. தூளாக்கிய தோகை தண்ணீரின் ஓட்டத்தையும் மெதுவாக்கியது. மேல்புறம் நனைந்து முடியும் முன்னரே, மறுநாள் காலை வருவதாக வாடகை டிராக்டர்காரரிடமிருந்து செய்தி வந்துவிட்டது. அவருக்கு அடுத்தடுத்து வேறு வயல்கள் இருந்தன. இந்த நாளை விட்டால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. விவசாயி சரி என்று சொல்லிவிட்டார்.

காலையில் மேல்புறம் சேறு. டிராக்டர் இறங்க முடியாது. ஓட்டுநர் வண்டியைச் சுற்றிக்கொண்டு கீழ்க்கோடிக்குப் போய், தண்ணீரே காணாத களிமண்ணில் கருவியை இறக்கினார். நான் போய்ச் சேர்ந்தபோது கீழ்க்கோடியில் பாதிக்கு மேல் ஓடி முடிந்திருந்தது.

தூரத்திலிருந்து பார்க்க வேலை நன்றாகத்தான் தெரிந்தது. கட்டை எதுவும் நிற்கவில்லை, புழுதி பறந்தது. பாரில் உட்கார்ந்து கையால் புழுதியை விலக்கிப் பார்த்தபோது கதை வேறு. வெட்டு முகம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். இங்கே நார் நாராகக் கிழிந்திருந்தது. பல கட்டைகள் நெடுக்காகப் பிளந்து, பிளவு மண்ணுக்குள் பருக்கள் வரை இறங்கியிருந்தது. சில இடங்களில் மண்ணாங்கட்டியோடு தூரே புரண்டு, வேர் வெளியே தெரியக் கிடந்தது. சில இடங்களில் கத்தி மண்ணையே தொடாமல் மேலோட்டமாகப் போய், இரண்டு அங்குலக் கட்டை மிஞ்சியிருந்தது.

"தம்பி, வண்டியை நிறுத்துங்கள்" என்று விவசாயியே குரல் கொடுத்தார். "அண்ணே, மணிக்கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்தினாலும் காசு உண்டு" என்றார் ஓட்டுநர். இந்தப் பதிலில் குற்றம் காண எதுவும் இல்லை. வாடகை மணிக்கணக்கில் என்று ஒப்புக்கொண்டதால், நிறுத்திப் பார்ப்பது விவசாயிக்கு நட்டம், வேகமாக ஓட்டுவது ஓட்டுநருக்கு லாபமில்லை, டீசல் மிச்சம் பிடிப்பது மட்டும் அவருக்கு லாபம் என்ற ஏற்பாடு அது. காசு போனாலும் போகட்டும் என்று வண்டியை நிறுத்தினார்கள்.

காரணத்தைத் தேடியது

அங்கேயே ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதலில் கத்தி. விளிம்பு விரல் கனத்துக்கு உருண்டு போயிருந்தது. முந்தைய வயல் சரளை மண் என்றார் ஓட்டுநர். அடுத்தது இயந்திர வேகம். டீசலுக்காக எஞ்சின் வேகத்தைக் குறைத்து வைத்து, கியரைக் கூட்டி ஓட்டியிருந்தார். பி.டி.ஓ. 540 சுற்றுக்கு வருவது எஞ்சின் அதற்குரிய வேகத்தில் ஓடும்போது மட்டுமே. வேகம் குறைந்தால் கத்தி முனையின் வீச்சும் குறையும், வண்டி முன்னேறுவதோ அதே வேகத்தில். இந்தக் கருவியில் கத்தரிக்கோல் போல எதிர்க்கத்தி கிடையாது. வீச்சின் வேகம் ஒன்றினால்தான் கட்டை அறுபட வேண்டும். வேகம் இல்லாவிட்டால் கத்தி கட்டையை அடித்துத் தள்ளும். கட்டை அறுபடாமல் பிளக்கும்.

மூன்றாவது மண். வெடித்துக் கிடந்த களிமண்ணில், பார் மட்டத்துக்குக் கீழே ஓடும் கத்தி வெட்டுவது கட்டையை மட்டும் அன்று, கல் போன்ற மண்ணையும்தான். மண் கட்டி கட்டியாகப் பெயரும்போது அதில் சிக்கியிருக்கும் தூரும் கூடவே பெயர்கிறது. கத்தி மழுங்குவதும் அதே காரணத்தால். நான்காவதாக, கரும்பு ஏற்ற வந்த டிராக்டர் ஏறி மிதித்த பார்கள் ஒன்று மேடாகவும் ஒன்று தட்டையாகவும் இருந்தன. ஆழச் சக்கரத்தை ஒரே நிலையில் வைத்துவிட்டு எல்லா வரிசையிலும் ஓட்டினால் ஒரு பாரில் ஆழம் கூடும், மற்றொன்றில் மேலோட்டமாகப் போகும்.

இவற்றில் எது பெரிய காரணம் என்று பிரித்துப் பார்க்க ஒரு சிறு வழி இருந்தது. நனைந்து பதமாக இருந்த நடுப்பகுதியில் ஒரு பாரை அதே மழுங்கிய கத்தியோடு, எஞ்சின் வேகத்தை மட்டும் கூட்டி ஓட்டச் சொன்னோம். பிளவு கண்கூடாகக் குறைந்தது. நார் கிழிவது குறையவில்லை. தூர் புரள்வது அநேகமாக இல்லை. அந்த ஒரு பாரிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: புரள்வதற்கு மண்ணும், பிளப்பதற்கு வேகமும், கிழிவதற்குக் கத்தியும் முதன்மைக் காரணங்கள். ஒரு பாரை வைத்துச் சொல்வதை ஆராய்ச்சி முடிவாக யாரும் கொள்ள வேண்டாம். வயலில் நின்று உடனே ஒரு முடிவெடுக்க அது போதுமானதாக இருந்தது.

மீண்டும் தொடங்கியது

டிராக்டரை அன்று அனுப்பிவிட்டோம். ஓடிய நேரத்துக்குரிய வாடகையைக் கொடுத்து, மீதி வேலைக்கு ஏக்கர் கணக்கில் புதிதாகப் பேசிக்கொண்டார்கள். சாணை பிடித்த கத்தியோடு வர வேண்டும், மாற்றுக் கத்தி ஒரு செட் கையில் இருக்க வேண்டும் என்பதும் பேச்சில் சேர்ந்தது. பேச்சு சுமுகமாக இல்லை. ஏக்கர் கணக்கு என்றால் பார் முனைகளில் திரும்புவதற்கு ஆகும் நேரம் தமக்கு நட்டம் என்றார் டிராக்டர் உரிமையாளர். வயலின் இரண்டு முனைகளிலும் வரப்பை ஒட்டிக் கொஞ்சம் இடத்தைச் சீவாமல் திரும்ப விட்டுவிடுவதாக விவசாயி இறங்கி வந்த பிறகே உடன்பாடு ஏற்பட்டது.

கீழ்க்கோடியில் ஓடாமல் மிஞ்சிய பகுதிக்கு முதலில் தண்ணீர் கட்டினார்கள். மேல்புறம் தானாகவே காய்ந்து பதத்துக்கு வந்துகொண்டிருந்தது. பதம் பார்க்கக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. பாரிலிருந்து அரைச் சாண் ஆழத்து மண்ணைப் பிடித்து உருட்டினால் உருண்டையாக வர வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடைய வேண்டும். உடையாவிட்டால் ஈரம் அதிகம், டயர் சாலை இறுக்கிவிடும். உருண்டையே வராவிட்டால் பழைய கதைதான்.

இரண்டாம் முறை இறங்கும் முன் கத்தியையும் தட்டையும் கழுவி, கிருமிநாசினிக் கரைசலால் துடைக்க வைத்தேன். ஓட்டுநருக்கு இது வீண் வேலையாகத் தோன்றியது. மறுதாம்புக் குட்டை நோய் என்ற பாக்டீரியா நோய் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெளிவான அறிகுறி காட்டாது. பயிர் சற்றுக் குட்டையாகவும் மெலிந்தும் நிற்கும், விவசாயி உரத்தைக் குறை சொல்வார். வெட்டும் கத்தி வழியாகவே அது தூருக்குத் தூர், வயலுக்கு வயல் பரவுகிறது. ஊர் ஊராகச் சுற்றும் வாடகைக் கருவி அதற்கு நல்ல வாகனம். மண்வெட்டிக்கும் இது பொருந்தும், ஆனால் ஒரு மண்வெட்டி ஒரு நாளில் தொடும் தூர்கள் எவ்வளவு, இந்தக் கத்தி தொடும் தூர்கள் எவ்வளவு?

ஓட்டம் இந்த முறை நிதானமாக நடந்தது. எஞ்சின் முழு வேகத்தில், வண்டி நடை வேகத்தில். பின்னால் ஓர் ஆள் நடந்து, பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு முறை மண்ணை விலக்கிப் பார்த்தார். ஆழம் மாறினால் கை காட்டுவார், ஓட்டுநர் ஆழச் சக்கரத்தைச் சரிசெய்வார். வேலை நடுவில் கத்தியை ஒரு முறை மாற்ற வேண்டியிருந்தது. மூன்றடிப் பகுதியில் ஆட்கள் மண்வெட்டியால் சீவியது இதற்குப் பிறகும் பல நாள் இழுத்தது. ஏக்கருக்கு ஆன செலவைப் பார்த்தால், பாதியில் நிறுத்திய நாளின் வாடகையைச் சேர்த்தாலும், இயந்திரம் கைவேலையில் பாதிக்கும் குறைவுதான்.

அதன் பின் நடந்தவை

சீவியதோடு விட்டுவிட்டால் பாதி வேலைதான். பாரின் இரு பக்கத்தையும் ஏர் கொண்டு உடைத்து இறுகிய மண்ணைத் தளர்த்தினார்கள். பழைய வேர் அறுந்து புதுவேர் இறங்க அது வழிவிடும். அடுத்த வாரத்துக்குள், வழக்கமான தழைச்சத்துக்கு மேல் 25 சதவீதம் கூடுதலாக யூரியா இட்டார்கள். மறுதாம்புக்கு இந்தக் கூடுதல் எப்போதும் தேவை. தூளாக்கிய தோகை மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் இங்கே அதைக் கட்டாயமாக்கினேன். பதினைந்தாம் நாள் வாக்கில் மேல்புறத்தில் இலைகள் வெளுத்தன. ஏக்கருக்கு ஒரு கிலோ அன்னபேதியை (இரும்புச் சத்து தரும் உப்பு) கரைத்துத் தெளித்ததும் பசுமை திரும்பியது.

முளைப்பு வரத் தொடங்கியபோது விவசாயிக்கு ஒரு கலக்கம். பார் முனைகளில் டிராக்டர் திரும்புவதற்காகச் சீவாமல் விட்ட கட்டைகள்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் துளிர்த்துப் பச்சைப் பசேலென்று நின்றன. சீவிய இடமோ வெறும் மண்ணாகக் கிடந்தது. "காசைக் கொடுத்து வயலைக் கெடுத்துவிட்டேனோ, ஐயா?" என்று கேட்டார். வரப்பில் நின்று பார்ப்பவர் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். சீவாத கட்டையின் முளையையும், அப்போதுதான் தலைகாட்டிய சீவிய கட்டையின் முளையையும் தோண்டி அவர் கையில் கொடுத்தேன். முன்னதில் வேரே இல்லை, கட்டையின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னதில் வெள்ளை வெளேரென்று வேர் முனைகள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளே முனைகளில் நின்ற கட்டைகளை மண்வெட்டியால் சீவத் தொடங்கிவிட்டார். ஒரு மூலையை மட்டும் பார்ப்பதற்காக விட்டு வைக்கச் சொன்னேன்.

ஒரு மாதத்தில் வயல் நான்கு விதமாகப் பிரிந்து தெரிந்தது. பதத்தில் சீவிய பகுதியில் முளைப்பு நெருக்கமாகவும் ஒரே உயரமாகவும் இருந்தது. கைச்சீவல் பகுதியும் அதற்குக் குறைவில்லை. முளை எண்ணிக்கையில் சில வரிசைகள் இயந்திரத்தையும் மிஞ்சின. ஆனால் கடைசியில் சீவிய வரிசைகள் முதல் வரிசைகளைவிடக் குட்டையாக, படிப்படியாக நின்றன. காய்ந்த மண்ணில் ஓடிய கீழ்க்கோடியில் கால் பங்குக்குமேல் பாடுவாசி. பிளந்த கட்டைகளில் பல அழுகிவிட்டன, சிலவற்றில் கறையான். நாங்கள் விட்டு வைத்த மூலையில் முளைகள் உயரமாக, ஆனால் மெலிந்து நின்றன. சித்திரை வெயிலில் அவற்றில் ஒரு பகுதி காய்ந்து போயிற்று.

கீழ்க்கோடியை அப்படியே உழுதுவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அந்தச் சிறு பரப்புக்காகத் தனிப் பயிர் வைப்பது தண்ணீர் கட்டுவதற்கும் பின்னால் வெட்டு உத்தரவு வாங்குவதற்கும் தொல்லை என்பதால், பாடுவாசி நிரப்புவதே சரி என்றோம். சீவி முடித்து 30 நாளுக்குள் நிரப்பினால்தான் புதிய நாற்று, பக்கத்தில் வளரும் பயிரின் நிழலில் மாட்டாது. மேல்புறத்தில் நெருக்கமாக முளைத்த தூர்களிலிருந்து பகுதிகளைப் பெயர்த்து வந்து நட்டார்கள். போதாத இடத்தில் பாலித்தீன் பை நாற்று. பெயர்த்து நட்டவை நன்றாகப் பிடித்தன. பை நாற்றுகள் பிழைத்தாலும் வெட்டு வரை பின்தங்கியே நின்றன.

மண் அணைப்பு, தோகை உரிப்பு, சாயாமல் இருக்கக் கரும்புகளைச் சேர்த்து விட்டம் கட்டுதல் எல்லாம் வழக்கப்படி நடந்தன. சொல்வதற்கு எதுவும் இல்லை. ஐப்பசி மழையோடு வந்த காற்றில் சீவாத மூலை முதலில் சாய்ந்தது. அங்கே தூர் மண்ணுக்கு மேலேயே உட்கார்ந்திருந்ததால் எவ்வளவு மண் அணைத்தும் பிடிப்பு வரவில்லை.

விளைவு

தை மாதம் வெட்டினார்கள். முழு வயலுக்கும் சேர்த்து ஏக்கருக்குச் சுமார் 40 டன். முதல் பயிரைவிடக் குறைவு, மறுதாம்புக்கு மோசமில்லை. எந்தப் பகுதி எவ்வளவு என்று எடைச்சீட்டு பிரித்துச் சொல்லாது. வண்டிகளில் எல்லாம் கலந்துதான் ஏறின. கரும்பின் பருமனும் தூருக்கு எத்தனை கரும்பு என்பதும் கண்ணால் பார்த்ததில், கீழ்க்கோடிதான் சராசரியை இழுத்தது. மேல்புறத்துக்கும் கைச்சீவல் பகுதிக்கும் எடுத்துச் சொல்லும்படி வேறுபாடு இல்லை. அதாவது இந்த வயலில், ஒழுங்காக ஓட்டிய இயந்திரம் ஒழுங்காகச் செய்த மண்வெட்டி வேலைக்கு ஈடு கொடுத்தது. அதைவிடச் சிறந்தது என்று சொல்ல இங்கே ஆதாரம் இல்லை. அதன் லாபம் செலவிலும் நாளிலும்தான்.

மாற்ற வேண்டியவை

இதே வயலில் மறுபடி தொடங்குவதானால், வேலையை வெட்டு நாளிலிருந்தே தொடங்குவேன். மேஸ்திரியோடு கூலி பேசும்போதே தரையை ஒட்டி வெட்டுவதற்கு டன்னுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது, கூடுதலாகக் கிடைக்கும் அடிக்கரும்பின் எடையிலேயே பெருமளவு ஈடாகும். கட்டை குட்டையாக இருந்தால் கருவியின் வேலையும் இலகு, கத்தியும் நீடிக்கும். ஏற்றும் டிராக்டர் பார்மேல் திரும்பாமல் இருக்க, நடவின்போதே இரு முனைகளிலும் இடம் விட வேண்டும். கட்டை சீவும் கருவி திரும்புவதற்கும் அதே இடம் பயன்படும்.

தண்ணீரின் வரிசையை மாற்ற வேண்டும். கிணற்றுக்குப் பக்கத்திலிருந்து தொடங்குவது பழக்கம். ஈரம் வடிய நாளாகும் களிமண் கீழ்க்கோடிக்கு முதலிலும், செம்மண்ணுக்குக் கடைசியிலும் கட்டினால் இரண்டும் ஏறத்தாழ ஒரே நாளில் பதத்துக்கு வந்திருக்கும். முடிந்தால் வெட்டுக்கு முந்தைய கடைசித் தண்ணீரையே இதற்குத் தோதாகத் திட்டமிடலாம். ஆனால் வெட்டு உத்தரவு எப்போது வரும் என்று விவசாயிக்குத் தெரியாத வரை இந்த யோசனை காகிதத்தில்தான் இருக்கும். அதை ஆலைகள் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதை ஆலைப் பணியாளனாக இருந்துகொண்டே சொல்கிறேன்.

வாடகை மணிக்கணக்கா, ஏக்கர் கணக்கா என்பதற்கு இன்னும் நல்ல விடை கிடைக்கவில்லை. ஏக்கர் கணக்கில் ஓட்டுநருக்கு அவசரம் வரும். பின்னால் ஓர் ஆள் நடந்ததால்தான் இங்கே அது கட்டுக்குள் இருந்தது. அந்த ஆளுக்கான கூலியை விவசாயிகள் யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை, எழுத வேண்டும்.

தந்தை தம்முடைய ஒன்றரை ஏக்கரை அடுத்த நடவில் நாலரை அடிப் பாருக்கு மாற்றச் சம்மதித்துவிட்டார். மேல்புறம் இரண்டாம் மறுதாம்புக்கு விடப்பட்டிருக்கிறது. கீழ்க்கோடியை உழுது, பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்திருக்கிறார்கள். அதை மடக்கி உழுத பிறகு அங்கே மறுபடி கரும்பா, நெல்லா என்பதில் தந்தைக்கும் மகனுக்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.